விடுதலையும் வீடும்: மும்பைத் தமிழில் ‘டெலிவரி’ என்னும் சொல்லின் பொருள் வரலாறு

முன்னுரை

ஒரு மொழியின் சொல் மற்றொரு மொழிக்குள் புகும்போது அதன் பொருள்கள் அனைத்தும் உடன் புகுவதில்லை. கடன் கொள்ளும் மொழி தனக்கு வேண்டிய பொருள்களை மட்டும் ஏற்று, ஏனையவற்றை விட்டுவிடுகிறது. எவை ஏற்கப்பட்டன, எவை விடப்பட்டன என ஆராயும்போது அம்மொழி பேசுவோரின் வாழ்க்கை வரலாறும் உடன் புலப்படுகிறது. அவ்வகையில் ‘டெலிவரி’ என்னும் ஆங்கிலச் சொல், மும்பை மாநகரின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழரின் பேச்சுவழக்கில் பெற்றுள்ள இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. அச்சொல் ஆங்கிலத்தில் அடைந்த பொருள் விரிவு, தமிழில் அதற்கு நேரான சொற்பரப்பு, மும்பைத் தமிழரின் அன்றாட வாழ்வில் அஞ்சல், மகப்பேறு, உணவு, குடியிருப்பு என்னும் நான்கு களங்கள் ஆகியன முறையே எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

ஆங்கிலத்தில் பொருள் விரிவு

‘டெலிவர்’ என்னும் வினை பழைய பிரெஞ்சு மொழி வழியாகப் பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்துள் வந்தது. அதன் அடி, ‘விடுவி’ என்னும் பொருள்படும் இலத்தீன் வினையாகும். சுதந்திரத்தைக் குறிக்கும் ‘லிபர்ட்டி’ என்னும் சொல்லும் அதே அடியினின்று கிளைத்ததே. எனவே இச்சொல்லின் முதற்பொருள் சிறையினின்றும் தீங்கினின்றும் ஒருவரை விடுவித்தல் என்பதாகும். கிறித்தவ மறைநூலின் ஆங்கில மொழிபெயர்ப்புகளில் இப்பொருளே பெரிதும் பயில்கிறது. தமிழ் மறைநூல் மொழிபெயர்ப்பாளர்கள் அவ்விடங்களில் ‘இரட்சித்தல்’, ‘விடுவித்தல்’, ‘மீட்டல்’ முதலிய சொற்களை ஆண்டுள்ளனர்.

மகப்பேற்றுப் பொருளும் இவ்விடுதலைப் பொருளினின்றே பிறந்தது. பழைய ஆங்கில வழக்கில் விடுவிக்கப்பட்டவள் தாயே. அவள் சுமையினின்றும் நோவினின்றும் விடுபட்டாள் என்பது அத்தொடரின் கருத்து. பிற்காலத்தில் தொடரின் அமைப்பு மாறி, மருத்துவர் குழந்தையை ‘டெலிவர்’ செய்தார் எனக் கூறும் வழக்கு ஏற்பட்டது. இம்மாற்றத்தில் தாய் எழுவாய் நிலையிலிருந்து மறைய, மருத்துவர் அவ்விடத்தைப் பெறுவது கருதத்தக்கது.

தன் கையிலிருப்பதை விட்டுவிடுதல் என்னும் கருத்து, பிறர் கையில் ஒப்படைத்தல் என்னும் பொருளுக்கு வழிவகுத்தது. அதிலிருந்து கடிதம் சேர்ப்பித்தல், சரக்கு ஒப்படைத்தல் ஆகியன தோன்றின. வாயினின்று விடுவது சொற்பொழிவாகவும் தீர்ப்பாகவும், கையினின்று விடுவது மட்டைப்பந்தாட்டத்தில் வீசப்படும் பந்தாகவும் அமைந்தன. இறுதியாக, செயப்படுபொருள் எதுவுமின்றி, சொன்னதைச் செய்து முடித்தல் என்னும் பொருளிலும் இவ்வினை இன்றைய ஆங்கிலத்தில் வழங்குகிறது. ‘விடு’ என்னும் ஒரே கருத்து இத்தனை பொருள்களையும் உள்ளிருந்து இணைக்கிறது.

தமிழ்ச் சொற்பரப்பு

தமிழில் இப்பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. சிறையினின்று விடுவித்தல், மகவைப் பெறுதல், பொருளை ஒப்படைத்தல், கடிதத்தைச் சேர்ப்பித்தல், உரை ஆற்றுதல், தீர்ப்பு வழங்குதல், பந்து வீசுதல், வாக்கை நிறைவேற்றுதல் என வினைகள் வேறுபடுகின்றன. இவை அனைத்தையும் ஒரு சொல்லால் சுட்டும் தேவை தமிழுக்கு எழவில்லை.

கொடுத்தலைக் குறிக்கும் சொற்களில் தமிழ் மரபு மிகுந்த நுட்பம் காட்டுகிறது. தொல்காப்பியக் கிளவியாக்கம் செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கினையும் எடுத்துக்கொண்டு, தருதலும் வருதலும் தன்மை முன்னிலைகளுக்கும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கும் உரியன என வரையறுக்கிறது. பொருள் எத்திசை நோக்கிச் செல்கிறது என்பதை வினையே காட்டிவிடுகிறது. எச்சவியலில் ஈ, தா, கொடு என்னும் மூன்றும் பிரிக்கப்படுகின்றன. இரப்பவன் தாழ்ந்தவனாயின் ‘ஈ’ எனவும், ஒத்தவனாயின் ‘தா’ எனவும், உயர்ந்தவனாயின் ‘கொடு’ எனவும் கூறுவான் என்பது அங்குக் கூறப்படும் விதி. ஆகவே பழந்தமிழில் ஒரு பொருளைக் கேட்கும் சொல்லே கேட்பவனுக்கும் கொடுப்பவனுக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வை வெளிப்படுத்தியது. பிற்காலப் பேச்சுவழக்கில் இவ்விதி நெகிழ்ந்துவிட்டதாயினும், கொடுத்தலும் பெறுதலும் தகுதிநிலையோடு பிணைந்தவை என்னும் எண்ணம் சமுதாய வாழ்வில் நீடித்தது.

மகப்பேற்றைப் பொறுத்தவரை தமிழின் பார்வை ஆங்கிலத்தின் பார்வைக்கு மாறானது. ஆங்கிலத்தில் தாய் விடுபடுகிறாள்; தமிழில் தாய் பெறுகிறாள். பெறு என்பதன் வழிவந்த ‘பேறு’, செல்வத்தையும் நற்பயனையும் குறிக்கும் சொல்லாகும். திருக்குறளின் ஏழாம் அதிகாரம் ‘மக்கட்பேறு’ எனவும், பரிமேலழகர் உரையில் ‘புதல்வரைப் பெறுதல்’ எனவும் தலைப்புப் பெற்றிருப்பது இங்கு நினைக்கத்தக்கது. பெற்றவள் என்றாலே தாய் எனப் பொருள்படும் அளவுக்கு இக்கருத்து தமிழில் வேரூன்றியுள்ளது.

மும்பையில் தமிழர் குடியேற்றம்

இச்சொற்பரப்போடு மும்பைக்குச் சென்ற தமிழர் ஒரே வகையினர் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சென்னை மாகாணத்தின், குறிப்பாகத் திருநெல்வேலிச் சீமையின், ஆதிதிராவிடரும் தமிழ் முசுலிம்களும் தாராவியின் தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டனர். தாராவியின் பெரிய பள்ளிவாசல் 1887ஆம் ஆண்டினதாகவும், ஆதிதிராவிடர் எழுப்பிய விநாயகர் கோயில் 1913ஆம் ஆண்டினதாகவும் கூறப்படுகின்றன.

மாட்டுங்காவின் வரலாறு வேறு. 1896ஆம் ஆண்டின் கொள்ளைநோயைத் தொடர்ந்து 1898இல் அமைக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை, தாதர், மாட்டுங்கா பகுதிகளை மனைகளாகவும் தெருக்களாகவும் திட்டமிட்டது. அங்கு எழுந்த அடுக்குமாடிக் கட்டடங்களில் அலுவலகப் பணிகளுக்கு வந்த தென்னிந்தியர், பெரும்பாலும் தமிழ்ப் பிராமணர், குடியேறினர். ஆஸ்திக சமாஜம் 1923இலும், தென்னிந்தியக் கல்விக் கழகம் 1932இலும் தோன்றின. செம்பூர், நாட்டு விடுதலைக்குப் பின் வளர்ந்த பகுதியாகும். 1950களில் டிராம்பேயில் எழுந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் 1954இல் நிறுவப்பட்ட அணுசக்தி நிலையமும் அங்குப் பல தமிழ்க் குடும்பங்களை ஈர்த்தன. சமையல் எரிவாயு உருளை வீடு தேடி வந்த தொடக்கக் காலத்திலேயே, ‘சிலிண்டர் டெலிவரி’ என்னும் தொடர் இத்தகைய குடும்பங்களின் அன்றாடப் பேச்சில் இடம்பெறும் சூழல் அமைந்தது.

அஞ்சலும் முகவரியும்

மும்பைக்குச் சென்ற தமிழர் அங்குக் கேட்ட மராத்தியில் தமக்குப் பழக்கமான இரு சொற்களைக் கண்டிருப்பர். தமிழில் தபால் எனப்படுவது மராத்தியில் ‘டபால்’. தமிழில் பட்டுவாடா எனப்படுவது மராத்தியில் ‘பட்வடா’. இச்சொல் அங்கும் அஞ்சல் சேர்ப்பித்தலையே குறிக்கிறது. இவை தமிழின் சொந்தச் சொற்கள் அல்ல. பிற்கால அரசாட்சிகளின் நிருவாக வழக்கின் வாயிலாகத் தமிழில் கலந்தவை. ஊரில் கேட்டுப் பழகிய அயற்சொற்கள் அயலூரில் உறவுச் சொற்களாக எதிர்ப்பட்டமை, சொற்களின் பயணம் மக்களின் பயணத்திற்கு முந்தியது என்பதைக் காட்டுகிறது.

இந்தியாவில் 1880இல் தொடங்கிய பணவிடை முறை, மும்பைத் தமிழரையும் ஊரில் இருந்த அவர்தம் குடும்பத்தையும் இணைத்த பாலமாகும். தாராவியில் ஈட்டிய கூலி திருநெல்வேலிச் சிற்றூரில் அஞ்சற்காரர் கையால் பட்டுவாடா ஆயிற்று. கொடுப்பவர் அரசு ஊழியர். பெறுபவர் கையொப்பமோ கைநாட்டோ இடுபவர். ஈ, தா, கொடு என்னும் மூவகையுள் எதுவும் அங்குப் பொருந்தவில்லை. வழங்குபவர் வள்ளல் அல்லர். பெறுபவர் இரவலரும் அல்லர். உரியதை உரியவரிடம் சேர்க்கும் இச்செயலுக்குத் தகுதிநிலை கலவாத ஒரு சொல் தேவைப்பட்டது. முதலில் ‘பட்டுவாடா’வும் பின்னர் ‘டெலிவரி’யும் அவ்விடத்தை நிரப்பின எனக் கருத இடமுண்டு. ‘பட்டுவாடா’ இன்று தமிழகத்தில் ஊதியம் வழங்குதலுக்கும், தேர்தற்காலத்தில் வாக்காளர்க்குக் கையூட்டாகப் பணம் கொடுத்தலுக்கும் மிகுதியாக வழங்கி, பொருள் இழிபு எய்தியுள்ளது. அதன் பழைய இடத்தில் பெரும்பகுதியை ‘டெலிவரி’ கைப்பற்றிக்கொண்டது.

அஞ்சல் வந்து சேர முகவரி வேண்டும். மாட்டுங்காவில் மனை எண்ணும் தெருப்பெயரும் கட்டடப் பெயரும் திட்டமிடலோடு பிறந்தன. தாராவியில் வீடுகள் முதலில் எழுந்தன. எண்கள் பின்னரே வந்தன. மராட்டிய மாநில அரசு 1976இல் குடிசைப் பகுதிகளைக் கணக்கெடுத்துக் குடியிருப்போர்க்கு நிழற்பட அடையாளச் சீட்டு வழங்கியபோதுதான் பல குடும்பங்கள் அரசு ஏட்டில் எண் பெற்றன. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1972 ஆகஸ்டு 15ஆம் நாள், அஞ்சல் குறியீட்டு எண் முறை நடைமுறைக்கு வந்திருந்தது. தாராவிக்கு 400017, மாட்டுங்காவுக்கு 400019, செம்பூருக்கு 400071 என எண்கள் அமைந்தன. ஆறு இலக்கங்கள் தாராவியையும் மாட்டுங்காவையும் அருகருகே நிறுத்தின. ஆனால் அவ்வெண்ணுக்குள் ஒரு வீட்டைக் கண்டறிவது அஞ்சற்காரரின் நினைவையும் அக்கம்பக்கத்தார் அறிமுகத்தையுமே நம்பியிருந்தது. ஊர்ப்பெயரும் உறவுப்பெயரும் கூறி வீடு விசாரிக்கும் சிற்றூர் வழக்கம் மாநகரின் நடுவே தொடர்ந்தது இவ்வாறே ஆகும்.

மகப்பேறும் மருத்துவமனையும்

தலைப்பேறு தாய்வீட்டில் நிகழவேண்டும் என்பது தமிழர் மரபு. மும்பைத் தமிழ்க் குடும்பங்களிலும் கருவுற்ற பெண்ணை வளைகாப்புக்குப்பின் இரயிலேற்றி ஊருக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. தலைமுறைகள் மாறித் தாய்வீடும் மும்பையிலேயே அமைந்தபோது, பேறு நிகழும் இடம் நகராட்சி மருத்துவமனையாயிற்று. தாராவிக்கு அண்மையில், சயானில் 1947இல் தொடங்கப்பட்ட லோகமான்ய திலகர் நகராட்சிப் பொது மருத்துவமனை, மக்கள் வழக்கில் ‘சயான் ஆஸ்பத்திரி’ எனப்படுகிறது. தாராவிக்குள் இயங்கும் அதன் நகர்ப்புற நல மையம் ‘சின்ன சயான் ஆஸ்பத்திரி’ என்னும் பொருளில் ‘சோட்டா சயான்’ எனப் பெயர்பெற்றது. அம்மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை நல மருத்துவர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989இல் அங்குத் தாய்ப்பால் வங்கியைத் தோற்றுவித்தார். ஆசியாவிலேயே அத்தகைய முதல் வங்கி இது எனக் குறிப்பிடப்படுகிறது.

இம்மருத்துவமனைச் சூழலில் ‘டெலிவரி’ என்னும் சொல் ‘பிரசவம்’, ‘பேறு’ ஆகியவற்றின் இடத்தைப் பிடித்தது. தமிழகத்திலும் இது நிகழ்ந்ததேயாயினும், மும்பையில் அதற்கு ஒரு கூடுதல் காரணம் உண்டு. மராத்தி, இந்தி, தமிழ், உருது பேசும் பெண்கள் ஒரே கூடத்தில் படுத்திருக்க, செவிலியர், மருத்துவர், உறவினர் அனைவர்க்கும் பொதுவாக விளங்கிய சொல் இதுவாக இருந்தது.

எனினும் இக்கடன்சொல் தமிழில் எடுத்துக்கொண்ட தொடரமைப்பு ஆங்கில அமைப்பு அன்று. ‘அவளுக்கு டெலிவரி ஆயிற்று’ என்பதே வழக்கு. தாய் நான்காம் வேற்றுமை ஏற்கிறாள். ‘அவளுக்குக் குழந்தை பிறந்தது’, ‘அவருக்குக் கடிதம் வந்தது’ என்னும் தொடர்களைப் போலவே, இங்கும் ‘கு’ உருபு கொள்வோனைக் குறிக்கிறது. பொருள் வந்து சேர்ந்ததைக் கூறும் ‘அவருக்குப் பார்சல் டெலிவரி ஆயிற்று’ என்னும் தொடரும் இதே அமைப்பினது. ஆங்கிலத்தில் விடுபட்டவளாக இருந்து பின் மருத்துவருக்கு இடங்கொடுத்து மறைந்த தாய், தமிழில் பெறுபவளாகவே நிலைபெற்றாள். சொல் அயலது, அதனைத் தாங்கும் இலக்கணமும் கருத்தும் ‘பேறு’ என்னும் சொல்லின் வழிவந்தவை. மருத்துவர் பணியைக் குறிக்கும்போதும் ‘டெலிவரி பார்த்தார்’ என்றே கூறுவர். ‘பிரசவம் பார்த்தல்’ என்னும் பழைய மருத்துவச்சி வழக்கு இதில் அப்படியே தொடர்கிறது.

டப்பாவும் செயலியும்

மும்பையில் பொருள் சேர்ப்பித்தல் என்றதும் நினைவுக்கு வருவோர் டப்பாவாலாக்கள் ஆவர். 1890இல் மகாதேவ் ஹாவாஜி பச்சே என்பவர் தொடங்கியதாகக் கூறப்படும் இம்முறையில், வீட்டில் சமைத்த உணவு காலையில் பெறப்பட்டு, மிதிவண்டியிலும் புறநகர் இரயிலிலும் பல கைகள் மாறி நண்பகலில் அலுவலகத்தை அடைகிறது. வெற்று டப்பா அன்று மாலைக்குள் வீடு திரும்புகிறது. பணியாளருள் பெரும்பாலோர் புனேக்கு அண்மையிலுள்ள மாவள் பகுதியினர். எழுத்தும் எண்ணும் நிறமும் கலந்த குறியீடுகளே டப்பாவின் முகவரியாகின்றன. 2000களில் ஏறத்தாழ 5,000 பேர் நாளொன்றுக்கு 2 இலட்சம் அளவிலான டப்பாக்களைக் கையாண்டனர் எனக் கூறப்பட்டது. 2010இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி இம்முறையை ஆய்வுப் பாடமாக்கியது. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப்பின் இவர்தம் எண்ணிக்கை பெரிதும் குறைந்துவிட்டது.

தொல்காப்பிய நோக்கில் பார்த்தால் டப்பா ஒரே நாளில் கொடையாகவும் தரவாகவும் அமைகிறது. இல்லத்தரசிக்கு அது கொடுத்தனுப்பப்படுவது. அலுவலகத்திலிருப்பவருக்கு அது கொண்டுதரப்படுவது. இடையில் சுமப்பவர் நிலையிலிருந்து நோக்கும்போது இவ்விரு வினைகளும் பொருந்துவதில்லை. திசை காட்டாத ‘டெலிவரி’ அவருடைய வேலைக்குப் பெயராகிறது.

சுமப்பவரைக் கண்ணுக்குப் புலப்படுத்துவதும் மறைப்பதும் இச்சொல்லே ஆகும். விடியற்காலையில் தாராவியில் இட்டிலி அவித்து நகரெங்கும் எடுத்துச்சென்று விற்கும் தமிழரை எவரும் ‘டெலிவரி’ செய்பவர் என அழைப்பதில்லை; அவர் இட்டிலிக்காரர். பொருளோடு அவர் பெயர் இணைந்துள்ளது. 2010களின் நடுப்பகுதி முதல் கைபேசிச் செயலிகளின் வழியே பரவிய உணவு வணிகத்தில் பணிபுரியும் இளைஞரோ ‘டெலிவரி பாய்’ மட்டுமே. எதனைச் சுமக்கிறார் என்பதும் யாருக்கு உழைக்கிறார் என்பதும் அப்பெயரில் இல்லை. இத்தகையோரைச் சட்டம் முதன்முதலாக வரையறுத்தது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில்தான். தகுதிநிலை கலவாத சொல் என்பதனால் ஏற்பட்ட சமன்மை, உழைப்பவரைப் பெயரற்றவராக்கும் நிலைக்கும் இடந்தந்துள்ளது.

வாக்கும் வீடும்

ஆங்கிலத்தின் இறுதிப் பொருளான ‘சொன்னதைச் செய்து முடித்தல்’ தமிழ்ப் பேச்சில் ‘டெலிவரி’யோடு ஒட்டவில்லை. ஆங்கிலத்தில் அரசு ‘டெலிவர்’ செய்தது என எதனைச் செய்தது எனக் கூறாமலே தொடரை முடிக்கலாம். தமிழில் எதனை நிறைவேற்றியது என்னும் வினா உடனே எழும். இவ்வினா தாராவியில் கூர்மை பெறுகிறது.

1985இல் அறிவிக்கப்பட்ட பிரதமர் மானியத் திட்டம் பம்பாய்க்கு ஒதுக்கிய 100 கோடி ரூபாயின் ஒரு பகுதி தாராவி மேம்பாட்டுக்கு உரியதாயிற்று. 1995இல் குடிசைப்பகுதி மறுவாழ்வு ஆணையம் அமைந்தது. 2004இல் தாராவி மறுவளர்ச்சித் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதன்பின் ஒப்பந்தப்புள்ளிகள் கோரப்படுவதும் கைவிடப்படுவதுமாக ஆண்டுகள் கழிந்தன. 2022 நவம்பரில் அதானி குழும நிறுவனம் ஏலத்தில் தேர்வுபெற்றது. 2000 சனவரி 1ஆம் நாளுக்கு முன்னர்த் தரைத்தளத்தில் குடியிருந்தமைக்குச் சான்று உடையோர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு என்பதும், பிறர்க்குத் தாராவிக்கு வெளியே குடியிருப்பு என்பதும் திட்டத்தின் கூறுகள். அறிவிப்பு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பெரும்பாலோர் வீடு பெறவில்லை.

இங்கு முற்கூறிய களங்கள் ஒன்றுசேர்கின்றன. தகுதியை மெய்ப்பிக்க வேண்டிய குடும்பம் பழைய ஆவணங்களையே தேடுகிறது: 1976ஆம் ஆண்டின் அடையாளச் சீட்டு, வாக்காளர் பட்டியல், மின்கட்டணச் சீட்டு முதலியன. முகவரி இல்லாத காலத்தில் வந்து சேர்ந்த கடிதங்கள் நினைவில் மட்டுமே உள்ளன, நினைவு சான்றாவதில்லை. அஞ்சற்காரருக்கு வீடு தெரிந்திருந்தது. அரசு ஏட்டுக்குத் தெரியவில்லை.

கட்டிமுடித்த வீடு கைக்கு வருவதை மும்பைத் தமிழர் ‘டெலிவரி’ எனக் கூறுவதில்லை என்பது நோக்கத்தக்கது. ‘பொசெஷன் கிடைத்தது’ என்பர். அல்லது ‘சாவி வாங்கியாயிற்று’ என்பர். போர்ச்சுக்கீசிய மூலமுடைய ‘சாவி’ தமிழுக்கும் மராத்திக்கும் பொதுச்சொல். சேர்ப்பிப்பவர் செயலைக் காட்டிலும் பெறுபவர் உரிமையையே இவ்வழக்குகள் முன்னிறுத்துகின்றன.

முடிவுரை

‘டெலிவரி’ என்னும் சொல் மும்பைத் தமிழில் மகப்பேற்றையும் பொருள் சேர்ப்பித்தலையும் ஏற்றது. உரை, தீர்ப்பு, வாக்கு நிறைவேற்றம் ஆகிய பொருள்களைத் தமிழ்ச் சொற்களிடமே விட்டது. ஏற்ற இடங்களிலும் நான்காம் வேற்றுமைத் தொடரமைப்பின் வாயிலாகப் பெறுபவரை முன்னிறுத்தும் தமிழ் நோக்கு மாறவில்லை. கொடுப்போர் கொள்வோரிடையே ஏற்றத்தாழ்வு சுட்டாத பொதுச்சொல்லாக அது மாநகர வாழ்வுக்கு ஏற்புடையதாயிற்று.

ஆங்கிலச் சொல்லின் வேர்ப்பொருளான விடுதலை மட்டும் தமிழ் ‘டெலிவரி’யில் தடமின்றி மறைந்தது. ஆயினும் அப்பொருளுக்குத் தமிழில் நிகரான ஒரு வரலாறு உண்டு. ‘விடு’ என்னும் வினையின் முதனிலை நீண்டு பிறந்த ‘வீடு’, பற்றினின்று விடுபடுதலையும் குறிக்கும். மனிதன் குடியிருக்கும் மனையையும் குறிக்கும். விடுவித்தலில் தொடங்கி வீட்டு வாயிலில் பொருளைச் சேர்ப்பதில் ஆங்கிலச் சொல் வந்து நின்றது. தமிழ்ச் சொல்லோ அவ்விரண்டையும் ஒருங்கே கொண்டுள்ளது. மூன்று, நான்கு தலைமுறைகளாக நகரின் பொருள்களைச் செய்தும் சுமந்தும் உரியவரிடம் சேர்த்துவந்த தாராவித் தமிழர்க்கு, அச்சொல்லின் இருபொருளும் இன்னும் வந்து சேரவேண்டியவையாகவே உள்ளன.